ஸ்லாட் கார் டிராக் ரேஸ்: வட சென்னையில் தொடங்குவதும் ஆள் சேர்ப்பதும்

நேரான ஒரு பலகைத் தடம், அதில் அருகருகே இரண்டு காடிகள் (நீளப் பள்ளங்கள்), காடிக்குள் தகட்டைச் செருகி மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார் காடிக்கு ஒன்று, தொடக்கத்தில் புறப்படச் சைகை தரும் ஒரு விளக்கு மரம்: ஸ்லாட் கார் டிராக் ரேஸுக்கு (drag race, நேர்கோட்டு வேகப் பந்தயம்) அடிப்படையாக வேண்டியவை இவைதாம். வளைவுக்கு வளைவு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான ஸ்லாட் கார் பந்தயத்தில் கை பழகவே நாளாகும். இங்கோ பச்சை விளக்கு எரிந்ததும் முழு வேகத்தில் விட வேண்டும், அவ்வளவே. தடத்தைச் செய்வது ஒரு வாரத்து வேலை. அதைச் சுற்றி வாரந்தோறும் வந்து நிற்கப் பத்துப் பேரைச் சேர்ப்பது கடினம் என்பதால், முதல் பலகையை அறுக்கும்போதே புதிதாக வருபவரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். உண்மையான டிராக் ரேஸின் முழுத் தொலைவு கால் மைல், அதாவது 1320 அடி. இது 1/24 அளவு கார்களுக்கு 55 அடியாகவும், 1/32 அளவுக்கு 41 அடி 3 அங்குலமாகவும் சுருங்கும். பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ எந்த வீட்டில் அவ்வளவு நீளமான அறை இருக்கிறது? ஆனால் அரைக்கால் மைல், அதாவது 660 அடி, டிராக் ரேஸில் முறையாக ஏற்கப்பட்ட தொலைவுதான். 1/32 அளவில் அது 20 அடி ஏழரை அங்குலம். என் பரிந்துரை இதுவே. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் நான்காக அறுத்தால் ஓரடி அகலமுள்ள நான்கு பலகைகள் கிடைக்கும். அவற்றை வரிசையாக வைத்தால் 32 அடி. முன்னால் கார்களை நிறுத்த ஓரடியும், ஓட்டத்துக்கு வேண்டிய தொலைவும் போக, கார் நிற்பதற்குப் பத்தடி மிஞ்சும். முழுத் தடத்தையும் ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிச் செல்ல முடியும் என்பது, பின்னால் ஆள் சேர்க்கும்போது பெரிய வசதியாகத் தெரியும்.

கடற்காற்று வீசும் பகுதியில், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரம் குடித்து உப்பிவிடும், 12 மி.மீ. தடிமனுள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட் வாங்கி இருபுறமும் பெயின்ட் அடிப்பதே மேல். தச்சரிடம், பள்ளம் வெட்டும் கருவியான ரூட்டரால் 3 மி.மீ. அகலமும் 8 மி.மீ. ஆழமுமாக இரண்டு காடிகளை, நான்கைந்து அங்குல இடைவெளியில் இழைக்கச் சொல்லுங்கள். காருக்கு மின்சாரம் கொண்டுசெல்ல, ஒவ்வொரு காடியின் இரு ஓரத்திலும் 6 மி.மீ. காப்பர் டேப் ஒட்ட வேண்டும். இந்த டேப் மிக மெல்லியது. இருபது அடியைப் போக வரக் கடக்கும் மின்சாரத்துக்கு அது ஏறக்குறைய ஒரு ஓம் தடை கொடுப்பதால், கார் வேகம் பிடிக்க வேண்டிய கடைசிப் பகுதியில் மின்னழுத்தம் சரிந்துவிடும். ஆகவே பலகைக்கு அடியில் ஒவ்வொரு டேப்புக்கும் தனியாக ஒரு தடித்த செப்புக் கம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு பலகையிலும் டேப்பை அதனதன் கம்பியுடன் சால்டர் செய்ய வேண்டும். உப்புக் காற்றில் டேப் கறுத்துப்போகும். ஆட்டத்துக்கு முன் மென்மையான அழிப்பான் ரப்பரால் தேய்த்தால் பளபளப்பு திரும்பும்.

காரை நிறுத்துவதற்கு ஓர் எளிய வழி உண்டு. முடிவுக் கோட்டைத் தாண்டிய பகுதியில் மின்சாரம் கொடுக்காமல், ஒரே காடியின் இரண்டு டேப்புகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், அதன்மேல் வரும் காரின் மோட்டார் தானே பிரேக்காக மாறிவிடும். ஆனால் மின்சாரமுள்ள டேப்புக்கும் இந்த டேப்புக்கும் இடையே, டேப்பிலிருந்து மின்சாரம் எடுக்கக் காரின் அடியிலுள்ள செம்புப் பின்னலின் நீளத்தைவிடக் கூடுதலான இடைவெளி விட வேண்டும்; இல்லாவிட்டால் பின்னல் இரண்டையும் தொடும் கணத்தில் ஷார்ட் ஆகும். தடத்தின் கோடியில் ஒரு பழைய தலையணை இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு யு.பி.எஸ்.ஸில் வைக்கும் 12 வோல்ட் பேட்டரி போதும். கரன்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. காடிக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம் போட வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறக்குமதிக் கன்ட்ரோலர்களைத் தேடி அலையாமல், தொடக்கத்தில் இரண்டு காலிங்பெல் சுவிட்சுகளை மரக்கைப்பிடியில் பொருத்திக் கொள்ளலாம். அழுத்தினால் ஓடும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கார்களை ஆயத்தமாக வாங்கலாம். ஸ்கேலக்ஸ்ட்ரிக் போன்ற நிறுவனங்களின் 1/32 கார்கள் நன்றாக ஓடும், ஆனால் இறக்குமதி என்பதால் விலை கூடும். சொந்தமாகச் செய்ய விரும்புவோர், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 130 அளவு எனப்படும் சிறு மோட்டாரைக் கேட்கும்போது, அது எத்தனை வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். மூன்று வோல்ட் பொம்மை மோட்டாரைப் பன்னிரண்டில் ஓட்டினால் கருகிவிடும். மோட்டாரில் மாட்டும் ஒன்பது பல் பினியனுக்கு (சிறு பற்சக்கரம்) அச்சில் இருபத்தேழு பல் கியர் என்பது நல்ல தொடக்க விகிதம். புறப்படும்போது முகப்பு தூக்கி, காடியிலிருந்து வழிகாட்டித் தகடு வெளியேறினால், டயர் கடைகளில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் ஈயத்துண்டில் ஒன்றை அறுத்து முன்புறம் ஒட்டுங்கள். பின் டயர்கள் வட்டமாக இல்லாவிட்டால் கார் துள்ளும். உப்புத்தாளைத் தடத்தில் விரித்து, காரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழலவிட்டால், கருந்தூள் உதிர்ந்து டயரின் முகம் முழுவதும் ஒரே சீராக மங்கும். அப்போது சரியாகிவிட்டது என்று பொருள்.

பார்ப்பவரை இழுப்பது காரின் வேகத்தைவிட விளக்கு மரம்தான். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து, அடுத்த அரை விநாடியில் பச்சை வரும். அதற்கு முன் புறப்பட்டால் சிவப்பு, தோல்வி. ஆர்டுயினோ என்னும், நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகையும் சில இன்ஃப்ராரெட் சென்சார்களும் இருந்தால், ஆட்டக்காரர் சுதாரிக்க எடுத்த நேரத்தையும் கார் ஓடிய நேரத்தையும் தனித்தனியாக அளக்கலாம். பாலிடெக்னிக் மாணவர் ஒருவரிடம் கொடுத்தால் அவரும் உங்கள் குழுவில் சேர்ந்துவிடுவார்.

இனி, வந்தவர் மீண்டும் வருவதற்கான வழி. வேகமான கார் மட்டுமே வெல்லும் என்றால் பணம் போடுபவர் ஜெயிப்பார், மற்றவர் மூன்றாம் வாரம் வரமாட்டார். இதற்கு டிராக் ரேஸிலேயே நல்ல மருந்து இருக்கிறது: பிராக்கெட் முறை. ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒருவர் 2.10 என்றும் மற்றவர் 1.70 என்றும் சொன்னால், மெதுவான காருக்கு 0.40 விநாடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். இருவரும் சொன்ன நேரத்தில் ஓடினால், விரைவாக பொத்தானை அழுத்தியவர் வெல்வார். வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றவும் முடியாது, ஏனெனில் அறிவித்ததைவிட விரைவாக ஓடியவர் தோற்பார். பதினொரு வயதுச் சிறுமி, கிளப்பின் மெதுவான காரை வைத்து மெக்கானிக் அண்ணனைத் தோற்கடிக்கும் வாய்ப்பு இந்த ஒரு விதியால்தான் வருகிறது. பேட்டரி இறங்க இறங்க ஓட்ட நேரம் மாறும் என்பதால், சுற்றுக்குச் சுற்று மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பார்த்து எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவையுங்கள்.

முதல் நாளில் யாரும் எதையும் வாங்க வேண்டியிருக்கக் கூடாது. வட சென்னையின் கேரம் கிளப்புகளில் ஒரு சிறுவன் முதலில் தொடும் ஸ்ட்ரைக்கர் அவனுடையதாக இருப்பதில்லை. புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதற்குப் பின்னால் இப்படிப்பட்ட தெருவோரப் பலகைகளின் பண்பாடு இருக்கிறது. அதேபோல ஒரே மாதிரியான நான்கு கார்களைக் கிளப்பின் சொத்தாக வைத்து, வந்தவர் கையில் சுவிட்சை உடனே கொடுத்துவிட வேண்டும். விதிகளை அவர் இரண்டு முறை ஓட்டிய பிறகு சொன்னால் போதும். தோற்றவர் வெளியேறும் முறையில் முதல் சுற்றிலேயே பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். எனவே முதல் சில மாதங்கள் எல்லோரும் எல்லோருடனும் மோதும் முறையைக் கடைப்பிடியுங்கள்.

இடத்துக்கு கேரம் கிளப், தேவாலயக் கூடம், குடியிருப்புச் சங்க அறை ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ரேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோருக்கு இரவில் சாலையில் நடக்கும் பைக் ரேஸும் பணம் கட்டும் பந்தயமும் நினைவுக்கு வரும். அவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்து ஓர் ஓட்டம் ஓட்டச் சொல்லுங்கள். காசு வைத்து ஆடக் கூடாது என்பதைச் சுவரிலேயே எழுதிவையுங்கள், டீக்காசுக்குக்கூட விலக்கு வேண்டாம். செங்குன்றம், மாதவரம் பக்கத்து மூத்த மெக்கானிக்குகளையும் அழைக்கலாம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார், பைக் பந்தயங்கள் நடந்த காலத்தை அறிந்தவர்கள் அவர்கள். கியர் விகிதத்தைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் பலகைகளைக் கழற்றி, டேப் உள்ள முகங்கள் ஒன்றையொன்று உரசாதபடி இடையில் செய்தித்தாள் வைத்து, தரையில் படாமல் நிமிர்த்திச் சாத்திவையுங்கள்.