டியூட்ரான் கட்டுப்படாமல் போனபோது: என் அனுபவம்

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கருதான் டியூட்ரான். அணுக்கரு விசை மாதிரியிலிருந்து அதன் பிணைப்பு ஆற்றலைக் கணக்கிட நிரல் எழுதினேன். கட்டுண்ட நிலையின் ஆற்றல் எதிர்க்குறியில் இருக்கும், −2.22 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரவேண்டும். வந்ததோ நேர்க்குறி எண். புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டவே இல்லை. அலைச்சார்பைக் கட்டியெழுப்பப் பயன்படும் அடித்தளச் சார்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனேன். டியூட்ரான் தளர்வான கட்டு, அலைச்சார்பின் வால் நீளம் என்பதால், சீரிசை அலையியற்றியின் (harmonic oscillator) நிலைகளாலான அடித்தளத்தில் விடை மெதுவாகத்தான் இறங்கும் என்று காத்திருந்ததில் இரண்டு வாரம் வீண்.

கடைசியில் விசையை அணைத்துவிட்டு, இயக்க ஆற்றல் அணியோடு அலையியற்றியின் நிலையாற்றல் அணியை மட்டும் கூட்டிப் பார்த்தேன். அடித்தளமே அலையியற்றியின் நிலைகள் என்பதால், மூலைவிட்டம் தவிர மற்ற எல்லாம் பூஜ்யமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, இரட்டிப்பாகி நின்றன!

காரணம் குறி மரபு. ஆர அலைச்சார்பை (மையத்திலிருந்து உள்ள தொலைவை மட்டும் சார்ந்த பகுதியை) மையத்தருகே நேர்க்குறியாக வைப்பது ஒரு வழக்கம், தொலைவில் நேர்க்குறியாக வைப்பது இன்னொன்று. இயக்க ஆற்றலுக்கு முதலாவதையும், விசைக்கும் நிலையாற்றலுக்கும் இரண்டாவதையும் எடுத்திருந்தேன். இயக்க ஆற்றல் உறுப்புகளை (-1)ⁿ⁺ⁿ′ ஆல் பெருக்கினேன் (n, n′ அடித்தளச் சார்புகளின் ஆரக் குவாண்டம் எண்கள்), அவ்வளவுதான். அடித்தளம் பெருகப் பெருக ஆற்றல் மேலிருந்து இறங்கி −2.22-இல் நின்றதைப் பார்த்தபோது அப்படியொரு நிம்மதி.

அடுத்து ட்ரைட்டான், ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட கரு. பிணைப்பு ஆற்றலின் பரிசோதனை மதிப்பு 8.48 மெகா எலக்ட்ரான் வோல்ட், எனக்கு 7.6 அளவில்தான் வந்தது. இந்தக் குறைக்கு நிரலைத் துருவ வேண்டாம். இருதுகள் விசை மட்டும் போதாது, முத்துகள் விசையையும் சேர்க்க வேண்டும்.