முதல் என்.ஐ.எச். விண்ணப்பம்: எங்கே தொடங்குவது, எப்போது அனுப்புவது

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் ஆர்-01 என்ற ஆய்வு நிதிக்கு முதல் விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்காக இது. மாதக்கணக்கில் எழுதியது ஒரு பிடிஎஃப் கோளாறில் நின்றுபோனால் மனசு தாங்காது.

1. கணக்கு

யு.இ.ஐ. எண் (நிறுவனத்தின் அடையாள எண்), சாம் (அரசு நிதி பெறும் நிறுவனங்களின் பதிவேடு) பதிவு இரண்டும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. 2022 ஏப்ரலிலேயே யு.இ.ஐ.க்கு முன் இருந்த டன்ஸ் எண்ணை எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டியில் அது இருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது ஈஆர்ஏ காமன்ஸ் (அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்க்கும் என்.ஐ.எச். தளம்) கணக்கு. முந்தைய ஆய்வகத்தில் வாங்கியது இருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள், அதையே புதிய இடத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

2. மாறிய விதிகள்

சீனியர் கொடுத்த பழைய விண்ணப்பத்தை எழுத்து நடைக்கு மட்டும் பாருங்கள். 2025 ஜனவரி 25 முதல் ஃபார்ம்ஸ்-ஐ என்ற படிவத்தொகுப்புதான் செல்லும். மதிப்பீடும் அன்றே மாறியது. ஆய்வின் முக்கியத்துவம் ஒன்று, முறையின் உறுதியும் சாத்தியமும் இன்னொன்று. இந்த இரண்டுக்கும்தான் மதிப்பெண். ஆய்வாளரின் திறமையும் வசதிகளும் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள். பெரிய பெயர் இல்லாத புதியவர்களுக்கு இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். 2025 செப்டம்பர் 25 முதல் ஒருவர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பங்கள்தான் அனுப்பலாம். பெரும்பகுதியை ஏஐ எழுதியதாக இருந்தால் ஏற்கமாட்டார்கள்.

3. பிடிஎஃப்

எழுத்து குறைந்தது 11 பாயின்ட், ஓரம் அரை அங்குலம். ஆய்வு நோக்கங்கள் 1 பக்கம், ஆய்வுத் திட்டம் 12 பக்கம். பக்க எண் போடாதீர்கள், அதைக் கணினியே போடும். கோப்பின் பெயர் 50 எழுத்துக்குள் இருக்கட்டும்.

4. அனுப்புவது

அசிஸ்ட் என்ற என்.ஐ.எச்.சின் விண்ணப்பத் தயாரிப்புத் தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றியபின் சரிபார்ப்பை ஓட்டுங்கள். 'எரர்' வந்தால் விண்ணப்பம் நகராது. 'வார்னிங்' வந்தால் நகரும், ஆனாலும் ஒவ்வொன்றையும் படியுங்கள். அனுப்பும் பொத்தான் உங்கள் கையில் இல்லை; பல்கலைக்கழகத்தின் கையொப்ப அதிகாரிதான் அழுத்துவார். அவரிடம் முன்கூட்டியே நாள் சொல்லி வையுங்கள்.

காலக்கெடு உங்கள் ஊர் நேரப்படி மாலை 5 மணி. பலரும் அந்த 5 மணியையே குறியாக வைத்து ஓடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அனுப்பியபின் முழு விண்ணப்பமும் ஒரே பிடிஎஃப்பாகக் காமன்ஸில் வரும். அதைப் பார்க்க இரண்டு வேலை நாள் உண்டு. ஆனால் திருத்தியது காலக்கெடுவுக்குள் மறுபடி போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. ஆகவே கெடு வெள்ளிக்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிடுங்கள்.

என் விண்ணப்பம் ஒன்றில், ஆய்வகக் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த வரைபடம் காமன்ஸில் வேறுமாதிரி இருந்தது. 'பீட்டா' குறி இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டம். செவ்வாய் இரவு அதைப் பார்த்தேன். புதன் காலை எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பதித்துத் திரும்ப அனுப்பினோம், சரியானது. அப்புறம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்களும் அப்படியே பாருங்கள். இரண்டு நாள் முடிந்ததும் விண்ணப்பம் தானாகவே என்.ஐ.எச்.சில் விண்ணப்பங்களைப் பெற்றுப் பிரித்தனுப்பும் பிரிவுக்குப் போய்விடும்.