பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்துதல்: எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலர் முதலில் பணம் செலவிடுவது காரைத் தாழ்த்தும் விறைப்பான ஸ்பிரிங்குகளுக்குத்தான். என் கருத்தில் அது வரிசையில் வெகு பின்னால் வர வேண்டிய வேலை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஓடிய கார் வளைவில் தளர்வாகத் திரும்புவதற்கும் நேர்ச்சாலையில் அலைவதற்கும் பெரும்பாலும் வடிவமைப்பு காரணமாக இருப்பதில்லை. ரப்பர் புஷ்கள் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் அசைவுக்கு இடம் கொடுக்கும் உருளைகள்) வெடித்திருக்கும், ஷாக் அப்சார்பர்கள் ஓய்ந்திருக்கும், டயர்கள் இறுகியிருக்கும், வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியிருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் விறைப்பான ஸ்பிரிங்குகளைப் போட்டால், தேய்ந்த இணைப்புகள் மீது விழும் சுமைதான் கூடும்.

இந்த விளக்கத்திற்கு எடுத்துக்காட்டாக 1989 முதல் 1997 வரை தயாரான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய ஒரு டன் எடையும், நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் அமைப்பும் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் தாங்கும் அமைப்பு), எல்லா மூலைகளிலும் கோணத்தைத் திருத்தும் வசதியும் கொண்ட கார் என்பதால் புதியவர் கற்றுக்கொள்ள ஏற்றது. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். அளவுகள் மட்டும் மாறும். அவற்றை அந்தந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழுது பார்த்தல்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் தங்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் உடனே ஜாக் ஸ்டாண்டுகள் மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ வைக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக் பெடலை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது புஷ்ஷைச் சந்தேகிக்க வேண்டும். முன்சக்கரத்தை இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் வழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காரின் மூலையை அழுத்திவிட்டுத் துள்ளலை எண்ணும் பழைய சோதனையை நான் அதிகம் நம்புவதில்லை. மிகவும் கெட்டுப்போன ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். பாதி ஓய்ந்தது அதில் தப்பிவிடும்.

துருவையும் இப்போதே தேடுங்கள். எம்எக்ஸ்-5இல் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பக்கவாட்டுச் ‘சில்’ (கதவுக்குக் கீழே ஓடும் உலோகப் பகுதி) துருப்பிடிப்பதற்குப் பேர்போனது. சஸ்பென்ஷன் ஆர்ம்கள் பொருந்தும் இடங்களில் உலோகம் மெலிந்திருந்தால் மேம்பாட்டுக்கான பணத்தை வெல்டிங்குக்குத் திருப்புவதுதான் அறிவுடைமை.

காரை இறக்கியபின், ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் இது இருமுறை தேவைப்படும்.

படி 2: டயர்

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாகவே ஓடுவதால், பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன டயர்கள் அவற்றில் சாதாரணம். பார்வைக்குப் புதிதாகத் தெரியும், ஈரச்சாலையில்தான் குணம் தெரியும்.

அளவை மாற்ற விரும்பினால் மொத்த விட்டம் மாறாதபடி மாற்றுங்கள். எம்எக்ஸ்-5இன் மூல அளவான 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். பலரும் தேர்ந்தெடுக்கும் 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் பாதிக்கப்படாமல் அகலம் சற்றுக் கூடுகிறது. அதைவிடப் பெரிய ரிம் தோற்றத்துக்கு மட்டுமே உதவும். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்கால் தாங்கப்படாத எடை என்பதால், அது கூடக்கூடக் குண்டும் குழியுமான சாலையில் டயரைத் தரையோடு வைத்திருப்பது ஷாக்குக்குக் கடினமாகிறது. காற்றழுத்தத்தைக் கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். இந்தக் காருக்கு நிறுவனம் சொல்லும் அளவு 26 பிஎஸ்ஐ.

படி 3: புஷ்களும் பால் ஜாயின்ட்களும்

பணத்துக்கு அதிகப் பலன் தரும் படி இதுதான்; ஆனால் வெளியே தெரியாத வேலை என்பதால் அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான். ஒவ்வொரு ஆர்மின் முனையிலும் உள்ள புஷ் தளர்ந்தால், பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் சக்கரத்தின் கோணம் தானாகவே மாறும். அலைன்மென்ட் இயந்திரத்தில் நிற்கும்போது சரியாக இருந்த கோணம் வளைவுக்குள் போனதும் வேறாகிவிடும்.

ரப்பரா, பாலியூரித்தேனா என்பது அடுத்த கேள்வி. ரப்பர் புஷ் தன் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பரே முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். பாலியூரித்தேன் புஷ் உள்குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். ஆகவே அதற்குரிய கிரீஸ் தேவை, அது காய்ந்தால் கிரீச்சிடும். பாலியூரித்தேன் காரின் எதிர்வினையைக் கூர்மையாக்குவது உண்மைதான் என்றாலும், அதிர்வையும் இரைச்சலையும் கூட்டும். பெரும்பாலும் பொதுச்சாலையில் ஓடும் காருக்குப் புதிய ரப்பரையே நான் பரிந்துரைப்பேன்.

முதலில் போல்ட்டுகளைக் கவனியுங்கள். எம்எக்ஸ்-5இன் கீழ் ஆர்ம்களை உடலோடு இணைக்கும் போல்ட்டுகள் மையம் விலகிய தலை கொண்டவை. அவற்றைத் திருப்பித்தான் கோணம் மாற்றப்படுகிறது. கழற்றுமுன் அவற்றின் நிலையைப் பெயின்ட்டால் குறியிடுங்கள். பல ஆண்டுகளாக அசையாமல் இருந்தவை உள்குழாயோடு துருவால் ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே தெளித்து ஊற விடுவது நல்லது. பழைய புஷ்களை வெளியே தள்ள ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். தீயால் எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நச்சு, அந்த வழி வேண்டாம். பிரஸ் இல்லையென்றால் ஆர்ம்களைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி வாங்கிவருவதே எளிது.

திரும்பப் பொருத்தும்போது புதியவர்கள் அறியாத ஒரு விதி இருக்கிறது. கார் தூக்கப்பட்டு, சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும். சவாரி உயரமும் தவறும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். எனவே போல்ட்டுகளைக் கையளவுக்கு மட்டும் இறுக்கி, சஸ்பென்ஷனைக் கார் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்தபின்பே இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முழுமையாக இறுக்க வேண்டும். முதல் படியில் எழுதி வைத்த உயரம் இங்கே உதவும்.

படி 4: ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும்

விறைப்பு வேறு, கையாளுமை வேறு. 1962இல் வந்த லோட்டஸ் ஏலன் மென்மையான ஸ்பிரிங்குகளையும் நன்கு கட்டுப்படுத்தும் ஷாக்குகளையும் வைத்தே கையாளுமைக்குப் பெயர் பெற்றது. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஆகையால் பட்ஜெட் குறைவாக இருந்தால், மூல ஸ்பிரிங்குகளை வைத்துக்கொண்டு நல்ல ஷாக்குகளை வாங்குங்கள்; மலிவான ஷாக்கோடு விறைப்பான ஸ்பிரிங்கை வாங்காதீர்கள்.

ஸ்பிரிங்கையும் மாற்றுவதானால் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியே சக்கரத்தில் தெரியாது. ஸ்பிரிங் அமுங்கும் தூரத்தைச் சக்கரம் நகரும் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தின் வர்க்கத்தால் அதைப் பெருக்க வேண்டும். சக்கரம் 10 மில்லிமீட்டர் நகரும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர் அமுங்கினால் விகிதம் 0.7, அதன் வர்க்கம் 0.49, அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதியளவுதான் சக்கரத்தை எட்டுகிறது. வேறொரு காருக்கு நன்றாக இருந்த ஸ்பிரிங் எண்ணை அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தாழ்த்துவதைப் பொறுத்தவரை, 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். காரைத் தாழ்த்தும்போது சக்கரம் மேலேறுவதற்கான இடம் குறைகிறது. வளைவின் நடுவில் ஒரு மேட்டில் ஏறினால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது தடுக்கும் தடுப்பான்) இடித்து, அந்த மூலையின் விறைப்பு திடீரென எகிறி, டயர் பிடியை இழக்கும். பிஎம்டபிள்யூ இ30, போர்ஷே 944 போல முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்ம் இல்லாமல் ஷாக்கே சக்கரத்தை மேலே தாங்கும் அமைப்பு) உள்ள கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: கீழ் ஆர்மின் கோணம் தட்டையாகி, காரின் சாயும் மையம் (வளைவில் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குவதால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகம் சாய முற்படலாம்.

கழற்றும் முறை சுருக்கமாக: ஸ்டெபிலைசர் பாரின் (இடவலச் சக்கரங்களை இணைத்து, வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பைக் கழற்றுங்கள், ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுங்கள், மேலே உடலோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கடைசியில் கழற்றுங்கள். ஷாக்கின் தண்டு உச்சியில் நடுவில் இருக்கும் பெரிய நட்டை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கின் முழு விசையையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்திச் சமமாக இறுக்கி, ஸ்பிரிங் தட்டிலிருந்து தளர்ந்ததை உறுதிசெய்த பிறகே அதைத் திறக்க வேண்டும். இதில் கொஞ்சம் பயம் இருந்தாலும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பம்ப் ஸ்டாப்பையும் மேல் மவுண்ட்டையும் அப்போதே புதிதாக்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கழற்றல்தான். பிரேக் கேலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

படி 5: ஸ்டெபிலைசர் பார்

திடமான பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 19 மில்லிமீட்டர் பாரை 22 மில்லிமீட்டராக்கினால், பார்வைக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விறைப்போ ஏறத்தாழ 80 சதவீதம் கூடுகிறது. முன்பாரைத் தடிப்பாக்கினால் பொதுவாகக் கார் திரும்பத் தயங்கும் குணம் கூடும். பின்பாரைத் தடிப்பாக்கினால் பின்பகுதி வெளியே வீசும் குணம் கூடும். பின்சக்கர இயக்கமுள்ள இலேசான காரில் பின்பாரை மட்டும் பெரிதாக்குவது ஈரச்சாலையில் ஆபத்து. முந்தைய படிகளை முடித்துச் சில வாரங்கள் ஓட்டியபின் சாய்வு உண்மையிலேயே தொந்தரவாக இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள், பலருக்குத் தேவைப்படாது.

படி 6: வீல் அலைன்மென்ட்

புதிய பாகங்கள் படிவதற்குக் கொஞ்சம் ஓட்டி, உயரத்தை மீண்டும் அளந்து, முதலில் எழுதியதோடு ஒப்பிட்டபின் அலைன்மென்ட்டுக்குச் செல்லுங்கள். பாதி டேங்க் பெட்ரோலும் ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடான சுமையும் இருக்கட்டும். இரண்டு பேர் மட்டுமே அமரும் காரில் ஒருவரின் எடைகூடக் கோணத்தை மாற்றும்.

கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம் (மைனஸ் என்றால் மேற்பகுதி உள்நோக்கி). காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. எம்எக்ஸ்-5 சாலைப் பயன்பாட்டுக்கு நான் கேட்கும் அளவுகள்: முன்னால் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, காஸ்டர் சுமார் 5 டிகிரி, டோ பூஜ்யம் அல்லது மொத்தம் ஒரு மில்லிமீட்டர் உள்நோக்கி, பின்னால் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, டோ மொத்தம் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி. பின்சக்கர டோ எக்காரணம் கொண்டும் வெளிநோக்கி இருக்கக் கூடாது. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பகுதி சட்டென்று வீசிவிடும். திருத்தும் வரிசை: முதலில் பின்னச்சு, பிறகு முன்னச்சு, ஒவ்வொன்றிலும் கேம்பரும் காஸ்டரும் முதலில், டோ கடைசியில், ஏனெனில் கேம்பரைத் தொட்டால் டோ தானாக மாறும். ‘டோ மட்டும் பார்த்தால் போதும்’ என்று சொல்லும் கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள். அச்சிட்ட அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, பழக்கமான ஒரே சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். எல்லையைத் தேட விரும்பினால் அதற்கான இடம் மூடிய ஓட்டப்பாதை மட்டுமே. வளைவுக்குள் நுழையும்போது முன்பகுதி வெளியே தள்ளினால் முன் டயரின் காற்றை 1 அல்லது 2 பிஎஸ்ஐ மாற்றி ஒப்பிடுங்கள். திருகி மாற்றக்கூடிய ஷாக்குகளை மிக மென்மையான நிலையில் தொடங்கி, மேட்டைத் தாண்டியபின் உடல் ஒரே அசைவில் அடங்கும் வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், அடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் திருகினால் டயர் சாலையின் மேல் துள்ளத் தொடங்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளையும் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் சோதியுங்கள். சஸ்பென்ஷனிலும் சக்கர அளவிலும் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.