ஆச்சி விட்டுப்போன காசு பாட்டில்: எதை எங்கே விற்பது?

ஆச்சி போன பிறகு நாகர்கோவில் வீட்டை ஒதுக்கும்போது, அடுக்களைப் பரணில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று நிறைய காசு கிடைத்தது. இருநூறுக்கு மேல் இருக்கும். மாமா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஒண்ணொண்ணும் லட்சம் போவும்டே, யூடியூப்ல பாத்தேன்" என்றார். அண்ணன் "பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும்" என்று சிரித்தான். மூன்று மாதம் அந்தப் பாட்டிலோடு மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன், இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஒரே பாட்டிலுக்குள் எடைக்குப் போட வேண்டியதும் இருக்கும், ஏலத்துக்கு அனுப்ப வேண்டியதும் இருக்கும். பிரிக்காமல் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு.

முதலில்: கையைக் கட்டிக்கொள்ளுங்கள், தேய்க்காதீர்கள்

நான் கணக்கெடுக்கத் தொடங்கும் முன்பே மாமா ஒரு செம்புச் சக்கரத்தை (சக்கரம் என்பது பழைய திருவிதாங்கூர் காசு) எடுத்து, குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். கருங்காப்பி நிறத்தில் இருந்த காசு புதுச் செம்புக் குடம் மாதிரி ஆகிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் பொறித்த சங்கின் வரிகள் மழுங்கி, மேலெல்லாம் மயிரிழை போலக் கீறல். காசு வாங்குகிறவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தனியே தள்ளி வைத்துவிட்டார், அவ்வளவுதான். அந்தக் கருப்புதான் காசின் வயதுக்குச் சாட்சி. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பதே அதற்குத்தான்.

மண்ணோ தூசியோ ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறப் போட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பற்பசை, எலுமிச்சை, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். காசை விளிம்பில் பிடியுங்கள். கொளச்சல், கன்னியாகுமரி போலக் கடலோரத்தில் வீடு என்றால் உப்புக்காற்றில் செம்பு சீக்கிரம் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதனால் ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு, மருந்து பாட்டிலிலோ செருப்புப் பெட்டியிலோ வரும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் ஆல்பம் ஆகாது, நாளானால் அதுவே காசின் மேல் பச்சைப் பிசுக்கை ஏற்றும்.

அடுத்து: தரையில் துணி விரித்துப் பிரிக்க வேண்டும்

நம்ம ஊர்ப் பாட்டில்களில் முதல் குவியல் திருவிதாங்கூர் காசுதான். 1956 நவம்பர் 1 வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால், சென்னையில் ஒரு வீட்டுப் பரணில் எளிதில் கிடைக்காதது இங்கே சாதாரணமாகக் கிடைக்கும். அடையாளம் சங்கு. அதோடு ஆங்கில எழுத்துகளைப் பின்னிய முத்திரை: ஆர்.வி. என்றால் ராம வர்மா, பி.ஆர்.வி. என்றால் பால ராம வர்மா, அதாவது 1931-இல் பட்டத்துக்கு வந்த சித்திரைத் திருநாள். கணக்கு இப்படி: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாயை மாற்ற இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டியிருந்தது, அந்த அரைச் சக்கர வித்தியாசத்தில் எத்தனை சண்டை நடந்திருக்குமோ! எங்கள் பக்கத்து வயசானவர்கள் பைசாவையே 'சக்கறம்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அது இதுதான்.

செம்புச் சக்கரத்துக்கு முந்தியது வெள்ளிச் சக்கரம். மிளகு போலப் பொடிசு. விரலால் எண்ண முடியாது என்று குழி குழியாகத் துளைத்த சக்கரப் பலகையில் அள்ளிப் போட்டு ஆட்டுவார்கள், குழிக்கு ஒன்றாக உட்கார்ந்தால் எண்ணிக்கை முடிந்தது. இந்தப் பலகை பரணில் கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் ஆள் இருக்கிறது. குந்துமணியை விடச் சின்னதாக மஞ்சளாக ஏதாவது கண்ணில் பட்டால் தங்கப் பணமாக இருக்கலாம். அதை நேரே பட்டறைக்குக் கொண்டுபோய் உருக்குகிற விலைக்குக் கொடுக்க வேண்டாம்.

வருஷத்தில்தான் பலரும் ஏமாறுவது. மாமா கையில் வைத்திருந்த வெள்ளிப் பணத்தில் 1116 என்று இருந்தது. "ராஜராஜ சோழனுக்கு நூறு வருஷம்தான் பின்னாலடே" என்றார். அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டுங்கள், 1941 வருகிறதா? வருஷம் ஆவணியில் பிறப்பதால் 1940-41 என்பது சரியான கணக்கு. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் அதிலும் இதே வருஷக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு: காந்தி படம் போட்ட மஞ்சள் இருபது பைசாவில் 1869-1948 என்று இருக்கும், நேரு படம் போட்டதில் 1889-1964 இருக்கும். அதெல்லாம் அவர்கள் பிறந்த, இறந்த வருஷம், காசு அடித்த வருஷம் இல்லை.

இரண்டாவது குவியல் பிரிட்டிஷ் வெள்ளி. ஒரு ரூபாய் 11.66 கிராம், அரை ரூபாய் 5.83. விக்டோரியா ராணி, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி, அதாவது ஒரு ரூபாய்க்கு சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி. 1947 ஒரு ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டும். ஒட்டியதும் கள்ளக்காசு என்று தூக்கிப்போட வேண்டாம், புலி படம் போட்ட அந்தக் காசு அப்படித்தான் இருக்கும். வேறு வெள்ளி ரூபாய் எதுவாவது காந்தத்தில் ஒட்டினால் அது போலி. எடை அரை கிராம் குறைந்தாலோ, விளிம்புக் கோடுகள் மழுங்கி நடுவே ஒட்டுப்போட்ட கோடு தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் கிடைத்தால் துள்ள வேண்டியதில்லை. 1874 வரைக்கும் அதே வருஷத்தைப் போட்டுத்தான் அடித்தார்கள், எக்கச்சக்கமாக இருக்கிறது. அதில் வருஷ எண்ணை ஒட்டி இருக்கும் பொடிப் புள்ளிகளைச் சேகரிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், அதனால் உருக்கக் கொடுக்கும் முன் லென்ஸில் பாருங்கள். 1911 ஜார்ஜ் ரூபாய் வேறு கதை. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஊரில் புகைச்சல் கிளம்பி, மறு வருஷமே படத்தைத் திருத்தினார்கள். 1939 ரூபாய் ரொம்ப அபூர்வம், அதனாலேயே போலியும் நிறைய. உங்களிடம் ஒன்று இருந்தால் போலி என்று நினைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

காது வைத்த காசு, துளை போட்ட காசு எல்லாம் தனியாக. அரைஞாணிலும் மாலையிலும் கோத்தது. சேகரிப்பவர் தொடமாட்டார், வெள்ளி எடைதான் விலை. (ஓட்டைக் காலணா இதில் சேராது, 1943 முதல் 1947 வரை ஓட்டையோடேதான் அடித்தார்கள். நிறைய இருப்பதால் விலையும் சொற்பம்.)

மீதி எல்லாம் சில்லறை: அணா, நயா பைசா, தாமரை இருபது பைசா, அலுமினியப் பொடி. இதில் விதிவிலக்காக ஒன்று, காந்தி பத்து ரூபாய். 15 கிராம், அதில் 12 கிராம் வெள்ளி. ராணி ரூபாயை விட வெள்ளி கூட!

வி.ஓ.சி. என்று பின்னிய எழுத்தோடு செம்புக் காசு வந்தால் அது டச்சுக் கம்பெனியுடையது. அண்ணன் வ.உ.சி. கப்பல் கம்பெனிக் காசு என்றே ஒரு நாள் முழுக்கச் சாதித்தான். டச்சுக்காரர் திருவிதாங்கூரிடம் தோற்ற 1741 கொளச்சல் போரோடு முடிச்சுப் போட்டு விலை ஏற்றிச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். வெளிநாட்டிலும் ஏராளமாகக் கிடைக்கிற காசு இது.

ஒரு நோட்டு, ஒரு தராசு

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். காசுக்கு எண் கொடுத்து, எடை, வருஷம், உலோகம், குறை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். படம் காலை பத்து மணி வாக்கில் திண்ணையில், வெயில் நேரே படாத வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல், இரண்டு பக்கமும். ஃபிளாஷ் வேண்டாம். நல்ல காசுக்கு விளிம்பையும் எடுங்கள்.

விலை எப்படித் தெரியும்?

இணையத்தில் ஒருவர் ஐந்து லட்சம் கேட்கிறார் என்றால் அது அவர் ஆசை. விற்ற விலைதான் விலை. மும்பையின் தோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் மாதிரி ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களில் எது என்ன விலைக்குப் போனது என்று போட்டிருக்கிறார்கள். அதே காசு, அதே வருஷம், அதே தேய்மானம் உள்ளதைத் தேடி, ஒன்றல்ல மூன்று நாலு விற்பனையைப் பாருங்கள். வெள்ளிக்கு இன்னும் சுலபம்: சுத்த வெள்ளி எடையை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை கிடைத்துவிடும், அதற்குக் கீழே யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம். நான் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளும் முன்பே பன்னிரண்டு வெள்ளிப் பணத்தை ஒரு கடையில் எடைக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு ஏலப் பட்டியலைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது முடிவு எடுக்கலாம்

தேய்ந்த, துளை போட்ட பிரிட்டிஷ் வெள்ளி எல்லாம் வெள்ளிக் கடைக்கு. மூன்று கடையில் கேளுங்கள். சேதாரம் என்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திருவிதாங்கூர் காசைப் பொறுத்தவரை என் கருத்து அழுத்தமானது: சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் முன் திருவனந்தபுரம் போங்கள். ரயிலில் ஒன்றரை இரண்டு மணி நேரம். அந்தக் காசுக்கு மனசு வைக்கிற ஆள் அங்கேதான் அதிகம், வருஷ வரிசையில் தன்னிடம் இல்லாத ஒன்றுக்கு அவர் கொடுக்கும் விலையை வியாபாரி கொடுக்க மாட்டார். நாணயக் கண்காட்சி எங்காவது நடந்தால் ஒரே கூரைக்கு அடியில் பத்து இருபது வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் மேசையிலேயே விற்காமல் ஒரு சுற்று சுற்றி வந்து, பிறகு பேசுங்கள். வியாபாரி ஏல விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார், அவருக்கும் வாடகை, லாபம் இருக்கிறது, அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

ஏலம் அபூர்வமானதற்கு மட்டும். கமிஷன் எத்தனை சதவீதம், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். காசைத் தபாலில் அனுப்புவதானால் காப்பீடு செய்து அனுப்புங்கள்.

சில்லறைக் குவியலை ஒவ்வொன்றாக விற்க உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். நான் கிலோ கணக்கில் கொடுத்துவிட்டேன், நாலைந்தை மட்டும் அக்கா பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க

கொளச்சலில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஆள் வந்தது: வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க்கு ஏழு லட்சம், முதலில் பதிவுக் கட்டணம் இரண்டாயிரம். கட்டினார். அப்புறம் ஜிஎஸ்டி என்றார்கள், அதையும் கட்டினார். பிறகு ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்றதும்தான் மகனிடம் சொன்னார். பழைய நோட்டு, காசு வாங்க விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம், அப்படி யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. விற்கிறவர் நீங்கள், பணம் உங்களுக்கு வர வேண்டும், நீங்கள் எதற்குக் கட்டுகிறீர்கள்? யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

வளைகுடாவில் இருக்கிற மச்சான் கேட்டான், அமெரிக்காக்காரர் கேட்டார் என்று பார்சல் கட்டாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியாள் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வீடு கட்ட வானம் தோண்டும்போது மண்ணிலிருந்து கிடைத்த காசுக் குடமும் பரணில் கிடைத்த பாட்டிலும் ஒன்றல்ல. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது.

விற்கும் நாளில் ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, எண் போட்ட பட்டியலோடு போங்கள். "வச்சிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்" என்றால் வைக்க வேண்டாம், படம் கொடுத்துவிட்டுக் காசைக் கையோடு கொண்டு வாருங்கள். விற்றதற்கு ரசீது எழுதி வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று, பாட்டில் ஆச்சியுடையது என்றால் கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டியலின் நகலை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை நான் இரண்டு வாரம் தாமதமாகச் செய்தேன், சித்தி இன்னும் சரியாகப் பேசுவதில்லை.