முதலாண்டுக் கட்டுரை எழுதும் முறை: தலைப்பிலிருந்து வாதத்துக்கு, வாதத்திலிருந்து சான்றுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் பலர், பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் கட்டுரையில் நல்ல புள்ளி பெற்றிருந்தும் முதல் பருவத்துக் கல்விசார் கட்டுரையில் ஏன் புள்ளி குறைகிறது என்று கேட்கிறார்கள். பள்ளியில் ஒரு பொன்மொழியோடு தொடங்கி, கருத்துகளைப் பத்தி பத்தியாக விரித்து, அறிவுரையோடு முடித்தால் போதுமானதாக இருந்தது. விரிவுரைஞரோ உங்கள் வாதத்தையும் அதைத் தாங்கும் சான்றையும்தான் முதலில் தேடுகிறார். கீழே உள்ளவை ஆங்கிலக் கட்டுரையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மலாயில் எழுதுபவர்களுக்கும் முறை இதுவே. எழுத்துரு, வரி இடைவெளி போன்றவற்றைப் பாட வழிகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: தலைப்பை வாதமாக்குங்கள்

நமக்கு நெருக்கமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். "தோட்டத் துண்டாடல்" (பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றது) என்பது தலைப்பு மட்டுமே. "தோட்டத் துண்டாடல் தொழிலாளர்களைப் பாதித்தது" என்பதும் வாதமாகாது, ஏனெனில் அதை மறுக்க யாரும் வரப்போவதில்லை. "1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலை இழப்பைவிட வீடு இழப்பே தொழிலாளர் குடும்பங்களை அதிகம் நிலைகுலைத்தது, லயத்து வீடு (தோட்டத்தின் வரிசை வீடு) வேலையோடு பிணைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம்" என்று எழுதும்போதுதான், "இல்லை, கூலி போனதுதான் பெரிய அடி" என்று ஒருவர் எதிர்வாதம் செய்ய இடம் பிறக்கிறது. அந்த இடம் இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: பத்திகளின் முதல் வாக்கியங்கள்

ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, மேலிருந்து கீழாகப் படியுங்கள். வரிசையை மாற்றினாலும் பொருள் கெடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது பட்டியல்தான். ஒரு வாக்கியம் அடுத்ததற்குக் காரணமாகவோ மறுப்பாகவோ அமையும்வரை திருத்துங்கள். இந்த வேலைக்குக் கணினியைவிடத் தாளும் பென்சிலும் மேல் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் ஒதுக்குங்கள். மேற்கண்ட வாதத்தை மறுப்பவர், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியதைக் காட்டி, எல்லாரும் வீட்டை இழக்கவில்லை என்பார். அதை மறைக்காமல் எழுதி, சங்கத்தின் கைக்கு வராத தோட்டங்களில் என்ன நடந்தது என்று தொடர்ந்தால் உங்கள் வாதம் வலுப்படும்.

மூன்றாம் படி: சான்றும் விளக்கமும்

பலர் தடுக்கி விழும் படி இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். நூல்களையும் ஆய்வேடுகளையும் கூகல் ஸ்காலரிலும் கல்லூரி நூலகத்திலும் தேடிக்கொள்வீர்கள். ஆனால், நம் வீடுகளில் அச்சேறாத சான்று ஒன்று இருக்கிறது: பால்மரம் வெட்டிய பாட்டிமார்களின் வாய்மொழி. அதைப் பயன்படுத்தலாமா என்று தயங்குகிறார்கள், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சான்றுகளைச் சுட்டும் முறைகளுள் ஒன்றான ஏபிஏவின் ஏழாம் பதிப்பின்படி, வாசகர் தேடிப் படிக்க முடியாத உரையாடல் தனிப்பட்ட தொடர்பு என்ற வகையில் அடங்கும். பேசியவரின் முதலெழுத்து, பெயர், உரையாடிய நாள் ஆகியவற்றைக் கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் தர வேண்டும். நூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது. பாட்டி தமிழில் சொன்னதை நீங்களே ஆங்கிலமாக்கினால் அது உங்கள் சொற்களில் அமைந்த மறுகூற்றாகிவிடுவதால், மேற்கோள் குறி தேவையில்லை. பேசுவதற்கு முன்பே அவருடைய அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.

வேலையிலிருந்து நீக்கும் கடிதமும் வீட்டைக் காலி செய்யும் கடிதமும் ஒரே நாளில் வந்ததாகப் பாட்டி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே "இதிலிருந்து தொழிலாளர்கள் துன்பப்பட்டனர் என்பது தெளிவாகிறது" என்று எழுதினால் சான்று வீணாகிறது. மாறாக, "இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்ததால், பக்கத்துத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகத் தயாராக இருந்தவருக்கும் இரவு தங்க இடமில்லாமல் போனது; எனவே வேலை கிடைப்பதும் வீட்டைச் சார்ந்தே இருந்தது" என்று எழுதிப் பாருங்கள். பாட்டியின் சொல் இப்போது முதற்படியின் வாதத்தோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. ஒவ்வொரு சான்றுக்குப் பிறகும் இத்தகைய இரண்டு வாக்கியங்களாவது உங்களுடையவையாக இருக்க வேண்டும்.

வாய்மொழியின் எல்லையையும் மறக்காதீர்கள். தம் லயத்தில் நடந்ததற்குப் பாட்டி சாட்சி. பேராக் முழுவதும் எத்தனை தோட்டங்கள் விற்கப்பட்டன என்பதற்கு அவர் சாட்சியல்லர். அதற்கு அச்சிட்ட சான்றையே தேட வேண்டும்.

நான்காம் படி: நூற்பட்டியல்

இணையத்தில் உடனடியாக நூற்பட்டியல் செய்து தரும் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. நூல் விவரங்களைச் சேமித்துப் பட்டியலாக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசமானது, போதுமானது. ஆயினும் நம் பெயர்களில் அதுவும் தடுமாறும்: கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கருதி, ஆசிரியரின் தந்தை பெயரை முன்னே கொண்டுவந்து நிறுத்திவிடும். மலாய்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். பெயருக்கான இரு பெட்டிகளை ஒரே பெட்டியாக மாற்றும் வசதி அதில் உண்டு. பெயரை நூலில் உள்ளபடி அதில் இட்டுவிடுங்கள். கூகல் ஸ்காலரிலிருந்து நகலெடுக்கும் விவரங்களையும் நூலின் பதிப்புரிமைப் பக்கத்தோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

பின்னர்ச் சேர்த்தது

கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளில் சதவீதம் உயர்ந்ததைக் கண்டு அஞ்சிய தங்கை ஒருத்தி, எல்லா மேற்கோள்களையும் நீக்கிவிட்டுக் கட்டுரையை ஒப்படைக்கப் பார்த்தாள். அந்த எண் ஒற்றுமையின் அளவைக் காட்டுவது, திருட்டின் அளவையன்று. முறையாகச் சுட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் கணக்கிடப்படக்கூடும். அவற்றை விலக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. அறிக்கையைத் திறந்து, வண்ணமிட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூலத்தைச் சுட்டாமல், சில சொற்களை மட்டும் மாற்றி எழுதிய வரி அங்கே இருந்தால் அதைத்தான் திருத்த வேண்டும், மேற்கோள்களை அப்படியே இருக்க விடுங்கள்.