பம்பர் மாற்றுவதற்கு முன்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பலர் செய்யும் தவறுகள்

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கும் நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்தால், அல்சூரானாலும் சரி, காக்ஸ் டவுனானாலும் சரி, "அந்தக் கறுப்பு பம்பரைத் தூக்கிப் போட்டுட்டு குரோம் மாட்டிடேன்" என்று ஒருத்தராவது சொல்லாமல் இருக்கமாட்டார். 1975-க்கு மேற்பட்ட எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் காதில் இது விழாத வாரம் கிடையாது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிகிறதா, தாராளமாக மாற்றுங்கள். பாடியை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடம் ஏற்கெனவே துருப்பிடித்து எப்படியும் மாற்றியாக வேண்டிய நிலையில் இருந்தாலொழிய, கை வைக்காதீர்கள்.

இந்த இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இறங்குவதுதான் முதல் தவறு. அதைப் புரிந்துகொள்ள, பம்பர் ஏன் மாறியது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1973 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் 2.5 மைல் வேகத்தில் சுவரில் மோதினாலும் விளக்கு, எரிபொருள் குழாய் மாதிரியான பாதுகாப்புப் பாகங்கள் கெடக் கூடாது. அடுத்த வருஷம் பின்பக்கத்துக்கும் 5 மைல் ஆக்கி, தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் வரும் இடியைத் தாங்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் விற்க ஆசைப்பட்ட ஐரோப்பியக் கம்பெனிகள் ஆளுக்கொரு வழியில் இதைச் சமாளித்தன. சிலர் பழைய பாடியிலேயே நீளமான பம்பரைத் தொங்கவிட்டார்கள், சிலர் முன்பாதியையே மாற்றி வரைந்தார்கள். உங்கள் கார் இதில் எந்த ரகம் என்று பார்க்காமல் ஒருத்தரும் பம்பர் வாங்கக் கூடாது, ஆனால் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

மெர்சிடிஸின் ஆர்107 எஸ்எல் முதல் ரகம். அமெரிக்காவுக்குப் போன 1974-க்குப் பிந்தைய எஸ்எல்களில் முன்னும் பின்னும் துருத்திக்கொண்டு நிற்கும் பம்பரைக் கழற்றி, ஐரோப்பிய பம்பரையும் அதற்கான பிராக்கெட்டுகளையும் மாட்டலாம். பிராக்கெட் கிடைப்பதும் இடைவெளியை மூடும் ரப்பர் பட்டை சரியாக உட்காருவதும் கொஞ்சம் தலைவலிதான், ஆனாலும் பாடி தப்பிக்கும். போர்ஷே 911 இரண்டாம் ரகம். 1974-இல் வந்த மடிப்பு வைத்த பம்பர்களோடு முன்பக்க பானெட்டும் நீளம் குறைந்துவிட்டது. அதனால் 1973 முகம் வேண்டுமென்றால் பானெட், முன் ஃபெண்டர், பூட்டு பிடிக்கும் பேனல் எல்லாம் மாற வேண்டும்.

எம்ஜிபி இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி தெரியும், ஆனால் அதுவும் வெட்டும் ரகம்தான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த கார் இது. 1974 செப்டம்பரில் கறுப்பு பம்பருக்கு மாறினார்கள். உள்ளே எஃகுச் சட்டம், வெளியே பாலியூரித்தேன் உறை. முன் இண்டிகேட்டர் பம்பருக்குள் போய்விட்டதால், குரோம் காரில் விளக்குக்காக விங்கில் (சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டில்) இருந்த இடம் இதில் இல்லை. அதனால் முன் விங்குகள் மாற வேண்டும், கிரில்லும் அதைப் பிடிக்கும் பகுதியும் மாற வேண்டும், பம்பருக்குக் கீழே வரும் தகடான வேலன்ஸ் வேண்டும். பின்பக்கம் இன்னும் மோசம்: பெரிய பம்பர் மறைத்துக்கொண்டிருந்த பின் விங்கின் கீழ்மூலைகளில் பேனல் வைத்து வெல்டிங் அடிக்காமல் குரோம் பம்பர் உட்காராது. சேசிஸ் முனையில் உள்ள தாங்கிகளும் வேறு. பம்பரும், அதன்மேல் கொம்பு மாதிரி நிற்கும் ஓவர்ரைடரும் ஆன்லைனில் விலை பார்த்து "இவ்வளவுதானா" என்று ஆர்டர் போடுகிறவர்கள், வெல்டிங், டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று பிறகு வரும் கணக்கைப் பார்ப்பதில்லை. பெயிண்ட் என்றால் நாலு மூலைக்கு மட்டும் அடித்துவிட்டு வரவும் முடியாது. பழைய பெயிண்டோடு நிறம் சேராது, கடைசியில் முழு வண்டியும் பூத்துக்குள் போகும்.

அடுத்த தவறு, கார் வளைவில் ஆடுவதற்குப் பம்பர்தான் காரணம் என்று நினைப்பது. கறுப்பு பம்பர் கனமானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பம்பரோடு சேர்த்து வண்டியையும் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள், போதாக்குறைக்கு ஆரம்ப வருஷங்களில் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் வந்த பிறகுதான் நிலைமை சரியானது. ஆக, வண்டி ஆடுகிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், முதலில் பாரையும் புஷ்களையும் பாருங்கள். அதற்குப் பேனலை வெட்ட வேண்டியதில்லை. குரோம் மாட்டிவிட்டு உயரத்தை அப்படியே விட்டால், வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டி மேலே கோட்டு போட்ட மாதிரி இருக்கும். இறக்கினால் நம்ம ஊர் ஹம்ப், அதாவது வேகத்தடை, இருக்கிறது. சாலை விதிப்புத்தகத்தில் ஹம்ப் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிந்து இறங்க வேண்டும். நம்ம லேஅவுட் சந்துகளில் ராவோடு ராவாக யாரோ போட்டுவிட்டுப் போன தார்மேட்டை அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எந்தக் கணக்கிலும் வராது என்று. அந்த ஒன்றரை அங்குலத்தை இழந்த எம்ஜிபியின் சைலென்சர் தினமும் அதில் உரசும். இறக்குவது என்று முடிவு செய்துவிட்டால் முன்னும் பின்னும் சேர்த்து இறக்குங்கள். பின்னால் மட்டும் பிளாக் வைத்து இறக்கிவிட்டு, முன்னால் ஸ்பிரிங்குக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் அந்த வண்டியை ஓட்டவும் பிடிக்காது, பார்க்கவும் பிடிக்காது.

இப்போது காகித விஷயம். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அன்றாடம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, அவ்வளவுதான். ஆனால் முக்கியமான நிபந்தனை இது: சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கறுப்பு பம்பர் எம்ஜிபிகள் இந்த 50 வருஷக் கோட்டை இப்போதுதான் தாண்டிக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருஷம் "மலிவு மாடல்" என்று கேலி வாங்கிய வண்டிக்கு மரியாதை கிடைக்கிற நேரத்தில், பின் விங்கை வெட்டி ஒட்டிவிட்டு அதிகாரி முன்னால் நின்று "சார், இது ஒரிஜினல்தான்" என்று சொல்ல வேண்டிய நிலையை ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்? விண்டேஜ் பதிவு வேண்டாம் என்பவர்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி தந்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. போல்ட்டில் மாட்டும் பம்பருக்கு யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள், ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் போட்டோ எடுப்பது முன்பக்கத்தைத்தான்.

சரி, எல்லாம் யோசித்து, மாற்றுவது என்றே முடிவு. பட்டறையில் நடக்கும் தவறுகளில் பெரியது, பொருத்திப் பார்க்காமல் குரோம் போட அனுப்புவது. பீன்யா பக்கம் பிளேட்டிங் யூனிட்டுகள் நிறைய இருக்கின்றன. நல்ல குரோம் என்றால் அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில்தான் குரோம், அதுவும் மெல்லிசாக. குரோம் போட்ட பம்பரை வளைக்கவோ தட்டவோ முடியாது, மீறித் தட்டினால் அந்த இடம் விரிசல் விட்டு உரியும். சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த டிங்கர் அண்ணன் ஒருத்தர் இதில் ரொம்பக் கறார். பம்பரைக் கறுப்புத் தகரமாகவே வண்டியில் மாட்டி, இரண்டு பக்கமும் விங்குக்கும் பம்பருக்கும் நடுவில் விரலை விட்டு ஓட்டிப் பார்ப்பார். இடது பக்கம் விரல் போய் வலது பக்கம் சிக்கினால் பிராக்கெட்டுக்கு வாஷர் வைப்பார், மறுபடி ஓட்டுவார். "தம்பி, இப்ப தட்டினா சத்தம்தான் வரும். குரோம் போட்டப்புறம் தட்டினா காசு போகும்" என்பார். அவர் செய்யும் இன்னொரு காரியத்தை நீங்களும் செய்யலாம்: பழைய கார் வாங்கும்போது சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி விங்கின் கீழ்மூலைகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது, ஏற்கெனவே யாரோ பம்பர் மாற்றி, வெட்டின இடத்தை மூடியிருக்கலாம்.

பிளேட்டிங் வேண்டாம் என்று ஸ்டெயின்லெஸ் பம்பர் வாங்குகிறவர்களும் உண்டு. வியட்நாமிலிருந்து வருபவை உலகம் முழுக்க விற்கின்றன, பல நன்றாகவே இருக்கின்றன. 304 கிரேடா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள், மலிவு கிரேடு மழையில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். பளபளப்பு குரோமை விடச் சற்று மஞ்சளாகத் தெரியும் என்பதால் முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று என்று கலக்காதீர்கள்.

நம்பர் பிளேட்டை மறந்துவிடுவார்கள். உயர்பாதுகாப்பு பிளேட் காருக்கு 500-க்கு 120 அல்லது 340-க்கு 200 மில்லிமீட்டர். பின் பிளேட்டுக்கு வருவது ஒருமுறை அடித்தால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற பூட்டு. பம்பர் வேலை முடிந்து, பிளேட் விளக்கின் வயரும் சரியான இடத்துக்கு வந்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும்.

கழற்றிய பம்பரைக் காயலான் கடையில் எடைக்குப் போடவே போடாதீர்கள். பிராக்கெட், போல்ட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி, அடுத்து வாங்குகிறவருக்கு வண்டியோடு கொடுங்கள். அசல் பாகம் இருக்கிறது என்றாலே பேரம் பேசும் தொனி மாறிவிடும்.

மாற்றவில்லை, கறுப்பே இருக்கட்டும் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெயிலில் சாம்பல் பூத்த பம்பருக்கு டயர் பாலிஷ், தேங்காயெண்ணெய் என்று எதையும் தடவாதீர்கள், ஒரு மழைக்கு மேல் நிற்காது, தூசியையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, லேசாக எமரி போட்டு, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மேலே நெகிழ்வுத்தன்மைக்கான கலவை சேர்த்த மேட் கறுப்பு அடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கலவை இல்லாமல் சாதாரணக் கார் பெயிண்ட் அடித்தால், பார்க்கிங்கில் ஒரு பைக் முட்டிய அன்றே செதில் செதிலாக உதிரும்.