ஒரே லேன் போர்ட்டில் பல மேக் முகவரிகள்

இராணிப்பேட்டையில் தோல் பொருள் அனுப்பும் ஒரு சிறு அலுவலகத்தில், லேன் போர்ட் ஒன்று மட்டுமே உள்ள லினக்ஸ் கணினியில் கணக்கு மென்பொருள், வருகைப் பதிவு, கேமராப் பதிவு ஆகிய மூன்றையும் ஓட்ட வேண்டியிருந்தது. அங்குள்ள ரவுட்டர், நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்தே ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கிறது, இணைய அனுமதியையும் அதைக் கொண்டே முடிவு செய்கிறது. ஒரே அட்டையில் ஐபியை மட்டும் கூட்டினால் மூன்றுக்கும் மேக் ஒன்றாகவே இருக்கும் என்பதால் அந்த வழி பயன்படாது. ஒரே அட்டையின் மேல் தனித்தனி மேக் கொண்ட மெய்நிகர் அட்டைகளை (இடைமுகங்களை) உருவாக்கும் மேக்விலான் என்ற வசதி இதற்கென்றே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ளது.

முதலில் முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேக் முகவரி 48 பிட் கொண்டது. தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட எண்களோடு மோதாமல் இருக்க, நாமே வைக்கும் முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ (A), இ (E) ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். 02:00:00:00:10:01 என்பது சரியானது. அந்த இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் அது பல கருவிகளுக்கு ஒருசேர அனுப்புவதற்கான மல்டிகாஸ்ட் முகவரியாகிவிடும். கெர்னல் அதை ஏற்காது.

அடுத்து, ரூட் உரிமையோடு, ஆங்கில எழுத்துகளில், 'ஐபி லிங்க் ஆட் லிங்க் எத்0 நேம் எம்வி1 அட்ரஸ் 02:00:00:00:10:01 டைப் மேக்விலான் மோட் பிரிட்ஜ்' என்று கட்டளையிட வேண்டும். எத்0 இருக்கும் இடத்தில் உங்கள் அட்டையின் பெயரை இடவும். பிரிட்ஜ் முறையில் ஒரே தாய் அட்டையின் (உண்மையான அட்டையின்) பிள்ளைகள், அதாவது அதன்மேல் உருவாக்கிய இடைமுகங்கள், தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பிரைவேட் முறையில் பேச இயலாது.

எம்வி1, இதேபோல் வேறு மேக்கோடு உருவாக்கும் எம்வி2 ஆகியவற்றை அப்படியே அதே கணினியில் விட்டுவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே சப்நெட்டில் (ஒரே ஐபி வரம்பிலுள்ள நெட்வொர்க் பகுதியில்) பல இடைமுகங்கள் இருக்கும்போது, எந்த ஐபிக்கான ஏஆர்பி கேள்விக்கும் ('இந்த ஐபிக்கு உரிய மேக் எது' என்ற கேள்வி) எந்த இடைமுகமும் பதில் சொல்வதே லினக்ஸின் இயல்பு என்பதால், ரவுட்டரின் பட்டியலில் முகவரிகள் மாறி மாறிப் பதியும். 'ஐபி நெட்என்எஸ் ஆட்' கட்டளையால் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நேம்ஸ்பேஸை (தனித்த நெட்வொர்க் அறையை) உருவாக்கி, இடைமுகத்தை அதற்குள் நகர்த்தி, அங்கே அதை இயக்கி ஐபி பெறுவதே தெளிவான வழி. ஐபி பெற டிஹெச்கிளையன்ட் நிரலைப் பயன்படுத்துவோர், ஓடும் நிரலின் எண்ணைக் குறிக்கும் பிஐடி கோப்பையும் பெற்ற ஐபியைக் குறிக்கும் லீஸ் கோப்பையும் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

பலரும் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. பக்கத்து மேசைக் கணினியிலிருந்து கணக்குச் சேவைக்குப் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுத்தபோது உடனே பதில் வந்தது; சேவை ஓடும் அதே கணினியில் அமர்ந்து கொடுத்தபோது 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' (இலக்கை அடைய முடியவில்லை) என்றே வந்தது. இது பழுதன்று. தாய் அட்டையிலிருந்து புறப்படும் பொதி நேராகக் கேபிளுக்குப் போய்விடுகிறது. வந்த போர்ட்டிலேயே அதைத் திருப்பி அனுப்புவது, கேபிள்களை இணைக்கும் சுவிட்சின் வழக்கமன்று. ஆகவே தாய்க் கணினிக்கும் ஒரு மேக்விலான் இடைமுகத்தை உருவாக்கி, ஐபியைத் தாய் அட்டையிலிருந்து எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டால், அதுவும் பிள்ளைகளுள் ஒன்றாகிப் பேசத் தொடங்கும்.

வைஃபையில் இந்த முறை பெரும்பாலும் பலிக்காது. இணைப்பின்போது பதிந்த ஒரே மேக்கைத்தான் அக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் கருவி) ஏற்கும். அங்கே மேக்கைப் பகிர்ந்துகொள்ளும் ஐபிவிலான் உதவும், ஆனால் தனி மேக் கிடைக்காது. சுவிட்சில் போர்ட் செக்யூரிட்டி (ஒரு போர்ட்டில் அனுமதிக்கும் மேக்குகளுக்கான வரம்பு) இருந்தால், இரண்டாம் மேக்கைக் கண்டதும் போர்ட்டையே அது முடக்கிவிடக்கூடும்; எனவே நெட்வொர்க் பொறுப்பாளரிடம் எண்ணிக்கையைச் சொல்லி வரம்பை உயர்த்திய பிறகே தொடங்க வேண்டும். விர்ச்சுவல் கணினிக்குள் செய்வோர், அதன் நெட்வொர்க் அமைப்பில் பிற மேக்குகளுக்கு வரும் பொதிகளையும் ஏற்கும் ப்ராமிஸ்குவஸ் முறையை அனுமதிக்க வேண்டியிருக்கும்.

மேற்கண்ட கட்டளைகள் அனைத்தும் கணினியை அணைத்தால் மறைந்துவிடும். அவற்றை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டில் எழுதி, கணினி தொடங்கும்போதே ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாகப் பதிந்து, அலுவலகம் முடிந்த மாலையில் ஒருமுறை ரீபூட் செய்து, ரவுட்டரின் லீஸ் பட்டியலில் எல்லா மேக் முகவரிகளும் அவரவர் ஐபியோடு நிற்கின்றனவா என்று பாருங்கள்.